ஊர் கூடாத தேர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது தமிழ் மக்களின் பழவழக்கு. அச்சு உறுதியாயிருக்கலாம், சக்கரம் புதிதாயிருக்கலாம், தேர்த்தட்டின்மேல் தச்சர் செதுக்கிய உருவங்கள் கண்ணைக் கவரலாம். ஆயினும், வடம் பிடிக்க ஆள் வாராவிடின் அத்தனையும் நிலையிலேயே நின்றுவிடும். அதற்குக் காரணம் யாது என்று ஆராயப் புகுவோர் தேரை மட்டும் பார்த்தால் விடை காணார். ஊரையும் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனம் நின்றுவிட்ட தேர் ஒன்று அண்மையில் அமெரிக்க நாட்டில் செய்யப்பெற்றது. அது மரத்தேர் அன்று. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் மின்னணு விளையாட்டு. ‘கான்கார்டு’ என்பது அதன் பெயர். அவ்வாங்கிலச் சொல்லுக்கு இணக்கம், உடன்பாடு என்று பொருள். பலர் இணங்கி வந்தாலன்றி நடவாத ஒன்றுக்கு இட்ட பெயர் பொருத்தமானதே. பலர் வரவில்லை என்பதுதான் கதை.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23 ஆம் நாள் சோனி நிறுவனம் இவ்விளையாட்டைப் பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுப் பெட்டிக்கும் கணினிக்குமாக வெளியிட்டது. விலை ஏறத்தாழ 40 அமெரிக்க வெள்ளி. செப்டம்பர் 3 ஆம் நாள், ஆட்டம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 6 ஆம் நாள் நிறுத்தப்பட்டது. இடைப்பட்டவை பதினான்கே நாள்கள். அக்டோபர் 29 ஆம் நாள், இதனைச் செய்த ஃபயர்வாக் ஸ்டூடியோஸ் என்னும் பணிமனையும் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

இளைஞர் ஆடும் ஆட்டம் ஒன்று தோற்றது. அதற்கு ஒரு வரலாறும் வேண்டுமோ என வினவுவார் உண்டு. தோல்வி புதிதன்று என்பது மெய்யே. விலைபோகாத நூல் நூலகத்து மூலையில் கிடக்கும். ஓடாத திரைப்படத்தின் சுருள் எங்கேனும் ஒரு பெட்டியில் உறங்கும். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அதனை எடுத்துப் பார்த்து, அன்றைய மக்கள் தவறாகத் தீர்ப்பளித்தனர் என்று கூறவும் கூடும். கான்கார்டுக்கு அத்தகைய மறு விசாரணைக்கு இடமில்லை. தோற்ற அன்றே அது இல்லாமலும் போயிற்று. தோல்வியும் அழிவும் ஒன்றேயாகிவிட்ட இந்நிலை எவ்வாறு வந்தது என்பதே ஈண்டு ஆராயத் தக்கது.

தன்மை நோக்கு

இவ்வகை விளையாட்டை ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்’ என வழங்குவர். தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களுள் தன்மையிடத்து நின்று ஆடுவது இது. ஆடுபவர் தம் உருவத்தைத் திரையில் காணார். தம் கண் எதனைக் காணுமோ அதனையே காண்பார். நீட்டிய கையும் அதில் ஏந்திய துப்பாக்கியும் மட்டும் திரையின் அடியில் தெரியும். உருவத்தைப் பின்னின்று நோக்கி ஆடுவதாயின் அது படர்க்கை நோக்கு. பலர் கூடி ஆடும்போது இவ்விலக்கணம் இன்னும் சுவைபடும். எதிரே ஓடி வருபவர் இயந்திரம் ஆட்டும் பொம்மை அல்லர். வேறொரு வீட்டில் அமர்ந்து ஆடும் மற்றொரு மனிதர். அவர் திரையில் அவரே தன்மை, இவர் படர்க்கை.

1993 இல் வெளிவந்த டூம், 1996 இல் வெளிவந்த குவேக் முதலியன இவ்வகையைக் கணினியில் வளர்த்தன. விசைப்பலகையும் சுட்டெலியும் குறிபார்ப்பதற்கு ஏற்றவை. இரு கைகளில் அடங்கும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொண்டு வீட்டுப் பெட்டியில் இதனைச் செம்மையாக ஆட இயலாது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், இங்கிலாந்தின் டுவைகிராஸ் என்னும் சிற்றூரிலிருந்த ரேர் நிறுவனத்தார் 1997 ஆகஸ்டில் ‘கோல்டன்ஐ 007’ என்பதை நின்டெண்டோ 64 பெட்டிக்காக வெளியிட்டனர். மார்ட்டின் ஹாலிஸ் தலைமையில் அதனைச் செய்த சிறு குழுவினருள் பெரும்பாலோர் அதற்குமுன் விளையாட்டு எதுவும் செய்தறியாதவர்.

அதில் நால்வர் ஆடும் பகுதி தொடக்கத் திட்டத்திலேயே இல்லை. பணி முடியும் தறுவாயில், ஏறத்தாழ ஆறு திங்கள் எஞ்சியிருந்தபோது, ஸ்டீவ் எல்லிஸ் என்பவர் தனியாள் ஆட்டத்துக்கென எழுதப்பட்டிருந்த நிரலை எடுத்துப் பலர் ஆடும் ஆட்டமாக மாற்றினார். ஒரே தொலைக்காட்சித் திரை நான்காகப் பகுக்கப்பட்டது. நால்வர் ஒரே பாயில் அமர்ந்து, ஒருவர் திரையை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தபடியே ஆடினர். எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற அவ்விளையாட்டை இன்றும் பலர் நினைவுகூர்வது இந்தப் பிற்சேர்க்கையின் பொருட்டே எனலாம். பின்னிணைப்பு நூலை விஞ்சிய விந்தை இது.

அங்கே ‘ஊர்’ என்பது ஒரு வீட்டின் கூடம். நான்கு பேர் கூடினால் தேர் நகர்ந்துவிடும். பழைய பெட்டியும் கேட்ரிட்ஜும் பழுதின்றி இருந்தால், இன்றும் நான்கு பேர் கூடி ஆடலாம். எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.

எல்லிஸும், அவருடன் பணியாற்றிய டேவிட் டோக் முதலியோரும் ரேரை விட்டு விலகி 1999 இல் ஃப்ரீ ராடிக்கல் டிசைன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர் என்பதையும் ஒருதலைச் சார்பின்றிக் குறித்தல் வேண்டும். அவர்கள் 2008 மே திங்களில் பிளேஸ்டேஷன் 3 க்குச் செய்தளித்த ‘ஹேஸ்’ பேரளவு விளம்பரத்தோடு வந்து பெருத்த ஏமாற்றமாய் முடிந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே நிறுவனம் கடன் நிருவாகத்தின் கீழ்ச் சென்றது. நல்ல கைகளும் தவறும் என்பதற்கு அது சான்று. ஆயினும் ஹேஸின் வட்டை இன்று பழைய பெட்டியில் இட்டால் அதன் கதைப் பகுதி ஓடும். அது ஏன் தோற்றது என்று ஒரு மாணவன் தானே ஆடிப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

கூடத்திலிருந்து நடுவண் கணினிக்கு

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. 2004 நவம்பர் 9 ஆம் நாள் வெளிவந்த ‘ஹேலோ 2’ முதல் நாளிலேயே 12 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. அதன் புதுமை, திறமை ஒத்த ஆட்டக்காரரைத் தானே தேடி இணைத்துவிடும் முறை. ஓர் இளைஞன் தன் அறையில் தனித்து அமர்ந்திருந்தபடியே எதிராளியைப் பெற்றான். ஊர் பெரிதாயிற்று. ஆனால் அவ்வூருக்குள் செல்லும் வாயில் ஒன்றே. அதன் திறவுகோல் நிறுவனத்தின் கையில். வாயில் என்பது சர்வர் எனப்படும் நடுவண் கணினி.

அவ்வாயில் 2010 ஏப்ரல் இடையில் மூடப்பட்டது. பழைய எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கான சேவை முடிவுற்ற அன்று ஹேலோ 2 இல் ஆடிக்கொண்டிருந்தவர்கள், தம் பெட்டியை அணைக்காதவரை தொடர்பு அறாது என்பதைக் கண்டனர். சிலர் அணைக்க மறுத்தனர். ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்டோர் நாள்கணக்கில் பெட்டியை எரியவிட்டு உள்ளேயே தங்கினர். பெட்டி சூடேறி நின்றது ஒருவர்க்கு. இணையம் அறுந்தது மற்றொருவர்க்கு. ஒவ்வொருவராக உதிர்ந்து, கடைசி ஆள் வெளியேற ஏறத்தாழ ஒரு திங்கள் ஆயிற்று. ஐந்தரை ஆண்டு ஆடிய ஊர் அது. காலி செய்ய மனம் வரவில்லை.

இணையம் வந்தபின், தனியாள் ஆட்டமே இல்லாமல், பலர் கூடி ஆடுவதை மட்டுமே விற்கும் துணிவும் வந்தது. மைக்ரோசாஃப்டின் ஃபாஸா ஸ்டூடியோ 2007 மே இறுதியில் வெளியிட்ட ‘ஷேடோரன்’ அத்தகையது. முழு விலை கொடுத்தும் கதைப் பகுதி இல்லையே என்று வாங்கியோர் முணுமுணுத்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே அப்பணிமனை மூடப்பட்டது. 2010 சனவரியில் சோனி வெளியிட்ட ‘மேக்’ என்பதில் ஒரே களத்தில் 256 பேர் ஆடலாம். பக்கத்துக்கு 128 பேர். எண்ணிக்கையே பெருமை. ஆனால் 256 பேர் என்றும் வேண்டும் என்பதே அதன் சுமையும் ஆயிற்று. 2014 சனவரி 28 ஆம் நாள் அதன் நடுவண் கணினிகள் அணைக்கப்பட்டன.

2016 மே 24 ஆம் நாள் பிளிசார்டு நிறுவனத்தின் ‘ஓவர்வாட்ச்’ வந்தது. அதுவரை இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் துப்பாக்கியே முதன்மை. ஏந்தியவர் எவராயினும் ஒன்றே. ஓவர்வாட்ச், பெயரும் குணமும் தனித்திறனும் உடைய 21 மாந்தரைத் தந்து, அவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தது. பிள்ளைகள் அம்மாந்தரின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் வரையும் அளவுக்கு அவர்கள் மனத்தில் பதிந்தனர். அதே மே திங்கள் 3 ஆம் நாள், மூன்றே வாரம் முந்தி வெளிவந்த ‘பேட்டில்பார்ன்’ இந்நிழலில் வாடிற்று. 2017 ஆகஸ்டில் வந்த ‘லாபிரேக்கர்ஸ்’ பதின்மூன்று திங்கள் வாழ்ந்து 2018 செப்டம்பரில் மறைந்தது. பேட்டில்பார்ன் 2021 சனவரி 31 ஆம் நாள் அணைக்கப்பட்டபோது, அதிலிருந்த கதைப் பகுதியும் உடன் அணைந்தது. தனித்து ஆடத்தக்கதையும் நடுவண் கணினியோடு பிணைத்திருந்தனர். கொடி அறுந்ததும் காயும் விழுந்தது.

இவற்றின் ஆயுளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். மேக் நான்கு ஆண்டு. பேட்டில்பார்ன் ஏறத்தாழ ஐந்து ஆண்டு. லாபிரேக்கர்ஸ் ஓராண்டும் ஒரு திங்களும். கான்கார்டு பதினான்கு நாள். இக்காலத்து முதலாளிகளுக்குப் பொறுமை குறைந்ததா, அல்லது வெறுமை முன்னினும் விரைவாக வெளிப்பட்டதா எனின், இரண்டும் என்றே கூறல் வேண்டும்.

கான்கார்டு பிறந்தமை

ஃபயர்வாக் பணிமனை 2018 இல், வாஷிங்டன் மாநிலத்தில், பிராபபிளி மான்ஸ்டர்ஸ் என்னும் நிறுவனத்தின் கீழ்த் தொடங்கப்பட்டது. ‘டெஸ்டினி’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டைச் செய்த பங்ஜி நிறுவனத்தில் பயின்று தேர்ந்தவர் பலர் அதில் இருந்தனர். கான்கார்டின் இயக்குநர் ரயன் எல்லிஸும் அவர்களுள் ஒருவர். (கோல்டன்ஐயின் எல்லிஸ் வேறு, இவர் வேறு.) 2018 ஆம் ஆண்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓவர்வாட்ச் வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. அக்காலத்தில் நட்ட விதை 2024 இல் காய்த்தது.

அதற்கிடையே சோனி நிறுவனம் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. ஒருமுறை விற்று முடிப்பதை விடுத்து, ஆண்டுக்கணக்கில் நடத்தி வருவாய் ஈட்டும் தொடர்ச் சேவை விளையாட்டுகளைப் பத்துக்கு மேல் உருவாக்க வேண்டும் என்று 2022 இல் அறிவித்தது. அவ்வாண்டு பங்ஜியையே 360 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. 2023 ஏப்ரலில் ஃபயர்வாக்கையும் வாங்கியது. ஆனால் அவ்வாண்டு நவம்பரிலேயே, திட்டமிட்ட விளையாட்டுகளுள் பாதியைத் தள்ளிவைப்பதாகவும் கூறிற்று. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இணையப் பகுதி 2023 டிசம்பரில் கைவிடப்பட்டது. ஓடுவதற்குமுன் நிறுத்தும் அறிவு அங்கே இருந்தது. கான்கார்டுக்கு அது எட்டவில்லை.

விளையாட்டு எத்தகையது? ஐவர் ஓரணி, ஐவர் எதிரணி. விண்வெளியில் திரியும் கூலி வீரர் பதினாறு மாந்தர். அவருள் ஒருவரை ஏற்று ஆடுதல் வேண்டும். ஆட்டத்திடையே மாந்தரை மாற்றினால் முன்னவரின் சிறப்புப் பயன் ஒன்று பின்னவர்க்கும் தொடரும் என்னும் விதி உண்டு. இது புதிய சிந்தனையே. துப்பாக்கியை இயக்கும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு நேர்த்தியானது எனக் குறைகூறியோரும் ஒப்புக்கொண்டனர். மேலும், பிற விளையாட்டுகளைப் போலப் பருவந்தோறும் கட்டணம் கேட்கும் முறை இதில் இல்லை. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். நேர்மையான வாணிகம் என்றே சொல்ல வேண்டும்.

குறை வேறிடத்தில் இருந்தது. பதினாறு மாந்தரின் பெயரும் உடையும் நிறமும் மனத்தில் ஒட்டவில்லை. ஒருவர் தோற்றத்தைக் கண்டதும் அவர் விரைந்து ஓடுபவரா, கேடயம் ஏந்துபவரா, மருந்தளிப்பவரா என்று அறிய இயலவில்லை. தெருக்கூத்தில் ராவணன் மேடையேறியதும் அவன் வாய் திறவாமுன்பே குழந்தையும் அறியும். வேடத்தின் இலக்கணம் அது. கான்கார்டின் மாந்தர் வாய் திறந்து நெடுநேரம் பேசிய பின்னும் அடையாளம் தெளிவுறவில்லை. நடையும் மெதுவாயிருந்தது. திறனாய்வாளர் 100 க்கு 60 ஐ ஒட்டியே மதிப்பெண் இட்டனர். தேர்ச்சி என்றும் தோல்வி என்றும் துணிய முடியாத மதிப்பெண் அது.

2024 மே 30 ஆம் நாள் காட்டப்பட்ட முன்னோட்டக் காட்சி தீமையே செய்தது. விண்கலத்தில் நண்பர் சிலர் வேடிக்கையாய் உரையாடுவதாக அது தொடங்கியது. நல்ல கதை விளையாட்டு ஒன்று வருகிறது என்று பார்த்தோர் எண்ணினர். முடிவில், இது ஐவர்க்கு ஐவர் ஆடும் சுடுபோர் என்பது தெரிந்ததும் அவர்கள் முகம் சுளித்தனர். இல்லாத விருந்தைக் காட்டிவிட்டு இருக்கும் சோற்றைப் பரிமாறினால், சோறு நன்றாயிருந்தாலும் உண்பவர் மகிழார்.

வெள்ளோட்டம்

தேருக்கு வெள்ளோட்டம் விடுவது வழக்கம். கான்கார்டுக்கும் 2024 சூலையில் விடப்பட்டது. இரண்டாம் முறை எவர் வேண்டுமானாலும் விலையின்றி ஆடலாம் என்று கதவு திறக்கப்பட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடை, எந்த நேரத்தில் எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பதை வெளிப்படையாகக் காட்டும். விலையில்லாத அந்நாள்களிலும் அங்கு ஒரே நேரத்தில் ஆடியவர் தொகை 2,400 ஐ எட்டவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் விளையாட்டுக்கு இது மிகக் குறைவு. இலவசமாய் வந்தவரே இத்தனை எனின், 40 வெள்ளி கேட்டால் வருபவர் எத்தனை என்று கணக்கிட ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் இயலும். வெள்ளோட்டம் உண்மையைச் சொல்லிவிட்டது, கேட்பார் இல்லை. ஒரு திங்கள் கழித்துக் குறித்த நாளில் தேர் வெளியே கொண்டுவரப்பட்டது.

வெளியீட்டுக்குப் பின் ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர் உச்சம் 697. பிளேஸ்டேஷனில் ஆடியோர் தொகையைச் சோனி வெளியிடவில்லை. ஆனால் அங்கும் கூட்டம் இல்லை என்பதைப் பின்னர் நடந்தவையே காட்டின. ஐவர்க்கு ஐவர் ஆடப் பத்துப் பேர் வேண்டும். 697 பேர் இருந்தால் போதாதோ எனலாம். போதாது. ஆட்ட வகைகள் பல, நாடுகளின் நேரம் வேறு, திறமை ஏற்றத்தாழ்வுடையது. இத்தனையும் ஒத்துவரப் பத்துப் பேரை இணைக்கவேண்டுமெனின் ஆயிரக்கணக்கானோர் காத்திருத்தல் வேண்டும். காத்திருந்தும் ஆள் கிடைக்காதவன் பெட்டியை மூடிவிட்டுப் போவான். அவன் போனதால் அடுத்தவன் காத்திருப்பு நீளும், அவனும் போவான். ஊர் சிறுக்கத் தொடங்கினால் தானே மேலும் சிறுக்கும். இவ்வகை விளையாட்டில் மெல்லத் தேறிவரும் நூலைப்போல் நற்பெயர் சேர்க்க அவகாசம் கிட்டுவதில்லை.

செப்டம்பர் 3 ஆம் நாள் ரயன் எல்லிஸ் பெயரில் அறிவிப்பு வந்தது. ஆட்டத்தின் சில கூறுகள் மக்களுக்குப் பிடித்திருந்தாலும், தொடக்கம் எண்ணியவாறு அமையவில்லை என்பது அதன் கருத்து. எஞ்சிய மூன்று நாள்களில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பிளேஸ்டேஷனில், ஒரு விளையாட்டின் எல்லா இலக்குகளையும் முடித்தவர்க்குப் பிளாட்டினம் கிண்ணம் ஒன்று பெயரளவில் வழங்கப்படும். கான்கார்டு அணைவதற்குள் அதனைப் பெற்றுவிட வேண்டும் என்று சிலர் முனைந்தனர். விரைந்து புள்ளி சேர்க்கும் பொருட்டு, தம் மாந்தரைக் களத்தின் விளிம்பிலிருந்து மீண்டும் மீண்டும் குதித்து மடியச் செய்தனர். எதிரி எவரும் சுடவில்லை, தாமே விழுந்தனர். அழியப்போகும் ஊரில் நினைவுப் பொருள் ஒன்றையேனும் எடுத்துக்கொள்ள மனிதர் விரும்புவது இயல்பே.

ஊர் வாராமைக்குக் காரணம்

விலையே காரணம் என்பார் பலர். ஓவர்வாட்ச் 2022 அக்டோபர் முதல் இலவசம். ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் முதலியனவும் இலவசம். அவற்றிடையே கட்டணம் கேட்ட கடை காலியாயிற்று என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அதே 2024 பிப்ரவரியில் அதே சோனி நிறுவனம், அதே 40 வெள்ளி விலையில், ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்பதை வெளியிட்டது. சுவீடன் நாட்டுப் பணிமனை ஒன்று செய்த அவ்விளையாட்டு பன்னிரண்டு வாரங்களில் ஒரு கோடியே இருபது இலட்சம் படிகள் விற்றது. அது பெரும்பாலும் படர்க்கை நோக்கில் அமைந்தது. நண்பர் நால்வர் ஓரணியாய் நின்று பூச்சிப் படையை எதிர்ப்பது. அதனை ஒத்த வேறொன்று அன்று இல்லை. ஆகவே மக்கள் காசு கொடுக்க மறுக்கவில்லை; ஏற்கெனவே தம்மிடம் இருப்பதை மீண்டும் காசு கொடுத்து வாங்கவே மறுத்தனர்.

மாந்தரின் உடலமைப்பும், அவர் பெயருக்கருகே ஆண்பால் பெண்பால் சுட்டும் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்தமையுமே தோல்விக்குக் காரணம் என்று கூச்சலிட்டோரும் இருந்தனர். இது நிலைக்கும் வாதமன்று. பல நாட்டினர், பல நிறத்தினர், பல வகை உடலினர் ஓவர்வாட்சிலும் ஏபெக்ஸிலும் நிறைந்திருக்கின்றனர். அங்கே கூட்டம் குறையவில்லை. கூச்சல் பெரிதாகக் கேட்டது, அரங்கம் காலியாயிருந்தமையால்.

பழக்கமே பெருங்காரணம் எனத் தோன்றுகிறது. ஆறேழு ஆண்டு ஓர் ஊரில் வாழ்ந்தவர்க்கு அங்கே நண்பர் உண்டு, ஈட்டிய பட்டமும் உடையும் உண்டு, கைக்குப் பழகிய வழி உண்டு. அவரைப் பெயர்க்க வேண்டுமெனின் முன்பே அன்பு கொண்ட முகம் ஒன்றைக் காட்டுதல் வேண்டும். 2024 டிசம்பர் 6 ஆம் நாள் வந்த ‘மார்வெல் ரைவல்ஸ்’ அதனைச் செய்தது. படக்கதைகளில் மக்கள் தலைமுறையாய் அறிந்த வீரரை அது காட்டியது, விலையும் இல்லை, மூன்று நாளில் ஒரு கோடிப் பேர் வந்தனர். கான்கார்டு மறைந்து மூன்றே திங்கள் ஆகியிருந்தன. இவ்வகை விளையாட்டின் மீது மக்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது என எழுதியோர் பேனாவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

2024 நவம்பரில் சோனியின் தலைவர்களுள் ஒருவரான ஹிரோகி டோட்டோகி, ஆட்டக்காரரைக் கொண்டு சோதிப்பதையும் உள்ளிருந்தே மதிப்பிடுவதையும் இன்னும் முன்னதாகச் செய்திருக்க வேண்டும் என்ற கருத்தை ஒப்புக்கொண்டார். ஆசிரியர் எவரும் இதனை உடனே உணர்வர். ஆண்டிறுதித் தேர்வில் மட்டும் வினாத்தாளைக் காட்டினால், மாணவன் எங்கே இடறினான் என்பதை அறியும்போது திருத்த நாள் இராது.

எஞ்சியவை

வாங்கியவர் எல்லார்க்கும் பணத்தைத் திருப்பியது நேர்மையான செயல். விளையாட்டு வாணிகத்தில் அரிய செயலுங்கூட. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் பணம் திரும்பியதும் விளையாட்டு வாங்கியவர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் என்பது நிபந்தனை. கணக்கு நேராயிற்று, பொருள் மறைந்தது. கடையில் வட்டாக வாங்கி வைத்திருப்போர் சிலர் உண்டு. அவ்வட்டைப் பெட்டியில் இட்டால் ஆட்டம் தொடங்குவதில்லை. அதில் ஓவியமும் ஒலியும் களங்களும் பதிந்திருக்கலாம். கதவைத் திறக்கும் நடுவண் கணினி இல்லை. நூற்றைம்பது பேர் அளவில் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்த உழைப்பு, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது, திறவுகோலை உருக்கிவிட்டனர்.

எஞ்சியவற்றுள் ஒன்று, கான்கார்டின் பெயர் பொறித்து விற்ற கட்டுப்பாட்டுக் கருவி. மற்றொன்று இன்னும் வியப்பானது. அமேசான் நிறுவனம் புகழ்பெற்ற விளையாட்டுகளைத் தழுவி ‘சீக்ரெட் லெவல்’ என்னும் அசைபடத் தொடரைத் தயாரித்திருந்தது. அதில் ஒரு பகுதி கான்கார்டுக்கு உரியது. 2024 டிசம்பரில், விளையாட்டு மறைந்தபின், அப்பகுதி வெளிவந்தது. மூலம் இல்லை, உரை மட்டும் கிடைக்கிறது. தமிழ் கற்பிப்போர்க்கு இந்நிலை புதிதன்று. உரையாசிரியர் சுட்டியதால் பெயர் மட்டும் அறியப்படும் நூல்கள் பல உண்டு. ஆனால் அவை மறையப் பல நூற்றாண்டு ஆயிற்று.

அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வு, 2010 க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 கடையில் கிடைப்பதில்லை என்று காட்டியது. அவற்றையேனும் பழம்பொருள் தேடுவோர் எங்காவது கண்டெடுத்து ஆடலாம். நூலகங்கள் அத்தகையவற்றைத் தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு இணையவழி வழங்க விதிவிலக்கு கேட்டபோது, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. ஃபயர்வாக் மூடப்பட்டதும் அதே திங்களில்தான்.

வாங்கியவர் உரிமை பற்றிய பேச்சும் அவ்வாண்டிலேயே வலுத்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் கார்ப்பந்தய விளையாட்டை 2024 மார்ச் இறுதியில் அணைத்தது. அதனைக் கண்டித்து ராஸ் ஸ்காட் என்பவர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் நடுவண் கணினியை எரியவிடுங்கள் என்று அவ்வியக்கத்தார் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தாமே ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குரிய மனு 2025 சூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. கலிபோர்னியா மாநிலமோ, இணையக் கடையில் விற்கப்படுவது பொருளன்று, பயன்படுத்தும் அனுமதியே என்பதை வாங்குபவர்க்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று சட்டம் செய்தது; அது 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நோயை ஆற்றாவிடினும் நோயின் பெயரையாவது சீட்டில் எழுதச் சொன்ன சட்டம்.

2025 நவம்பரில், ஆர்வலர் சிலர் கான்கார்டின் நடுவண் கணினி செய்த வேலையைத் தாமே ஆராய்ந்து, தனியாக ஒன்றை அமைத்து, அவ்விளையாட்டை ஓரளவு இயங்கச் செய்தனர். வடம் பிடிக்க விரும்பிய சிறு கூட்டம் அது. களத்தில் ஓடி ஆடும் காட்சிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டனர். காப்புரிமை அறிவிப்பின் பேரில் அப்படங்கள் சில நாள்களில் நீக்கப்பட்டன.